சீலா, பைப்பா, முழு ஃபோர்க்கா?

பழைய வண்டியின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் வடிகிறது என்று பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "சீல் போயிடுச்சுண்ணே, ரெண்டையும் மாத்திடலாம்" என்பதுதான். பெரும்பாலும் சீல் போய்த்தான் இருக்கும். ஏன் போனது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. முப்பது வயதான ரப்பர் இறுகித் தானாகவே போயிருக்கலாம். பைப்பில் துரு குத்தி, அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு பள்ளத்திலும் சீலின் உதட்டைச் சுரண்டியிருக்கலாம். எப்போதோ விழுந்த வண்டியாக இருந்தால், வளைந்த பைப் சீலை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கலாம். முதல் காரணத்துக்குத்தான் புது சீல் மருந்து. மற்ற இரண்டுக்கும் சீலை மட்டும் மாற்றினால், அடுத்த மழைக்காலத்துக்குள் பைப்பில் அதே எண்ணெய் வளையம் திரும்பி வந்து நிற்கும்.

வடிகிற எண்ணெயை அப்படியே விட்டு ஓட்டுவதும் ஆகாது. அது கீழே இறங்கி பிரேக் தட்டுக்கும் டயருக்கும் போகும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் அதன் விலை தெரியும்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: சீல் மட்டும் மாற்றுவது, பழைய பைப்புக்கே ஹார்ட் குரோம் ஏற்றுவது, புது பைப் வாங்குவது, பழைய ஒரிஜினல் பைப்பைத் தேடிப் பிடிப்பது, வேறு வண்டியின் ஃபோர்க்கை மொத்தமாக மாட்டுவது. எடுத்துக்காட்டுக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ வைத்துக்கொள்கிறேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இங்கே தயாரித்த வண்டி; தமிழ்நாட்டில் இன்று அதிகம் புதுப்பிக்கப்படும் பழைய வண்டிகளில் ஒன்று. அதன் ஃபோர்க்கில் மர்மம் ஏதும் கிடையாது. மேலே மூடி, உள்ளே ஸ்பிரிங், டாம்பர் ராடு, அடியில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு ஆலன் போல்ட். பி.எம்.டபிள்யூ 1935-இல் ஆர் 12 வண்டியில் எண்ணெயால் அடங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை இதுதான். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி யெஸ்டிக்கும் புல்லட்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பைப்பைப் படிப்பது

எதையும் கழற்றும் முன் ஒரு சின்ன வேலை. சில நேரம் சீலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உதட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கும். முன்பெல்லாம் ஃபிலிம் நெகட்டிவ் துண்டை வைத்து இதை எடுப்பார்கள். இப்போது வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஷீட் போதும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, முனையில் சிறு கொக்கி போல வளைவு கொடுத்து, டஸ்ட் சீலை மேலே தள்ளிவிட்டு, ஆயில் சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்று சுற்றி இழுங்கள். கருப்பு அழுக்கு வந்தால் துடைத்துவிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்கள். வடிவது நின்றால் செலவு மிச்சம்.

நிற்கவில்லையா, இப்போது பைப். வேஸ்ட் துணியால் நன்றாகத் துடைத்து, வெயிலில் வைத்து, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் நகத்தில் தட்டும். தட்டுகிறதா என்பதைவிட எங்கே தட்டுகிறது என்பது முக்கியம். பைப்பின் மேல் பாதி, இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடிக்கும் டி-ஸ்டெம்முக்குள்ளும் ஹெட்லைட் பிராக்கெட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும். அங்கே சொறி பிடித்ததுபோல் துரு இருந்தாலும் கவலை இல்லை, பிடிமானம் இருந்தால் சரி. சீல் ஏறி இறங்கும் ஒரு சாண் நீளம்தான் விஷயம். அந்த இடத்தில் நகம் தட்டினால் சீல் மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஒன்றிரண்டு ஊசிக் குழிகள் மட்டும் என்றால் விளிம்பைத் தண்ணீர்ப் பேப்பரால் மெல்லத் தேய்த்து, குழியில் அரால்டைட் நிரப்பி, காய்ந்தபின் மட்டமாகத் தேய்த்துவிட்டால் கொஞ்ச காலம் ஓடும். அது தற்காலிகம் என்று தெரிந்து செய்தால் தப்பில்லை.

அடுத்தது வளைவு. முன்பக்கம் இடித்த வண்டியில் பைப் பெரும்பாலும் டி-ஸ்டெம்மின் கீழ்ப் பிடிக்கு, அதாவது கீழ் டி-க்கு, சற்று அடியில்தான் வளையும். ஆனால் ஹேண்டில் கோணலாக நின்றாலே பைப் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரணமாகக் கீழே விழுந்த வண்டியில் இரண்டு பைப்பும் நேராகவே இருக்கும். டி-க்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும். கிளாம்ப் போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலைத் திருப்பினால் நேராகிவிடும். இதற்குக் காசே ஆகாது என்பதால் சில பட்டறைகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

பைப்பைக் கழற்றிய பிறகு கண்ணாடிக் கடையில் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு வாங்கி, அதன்மேல் உருட்டுங்கள். நேரான பைப் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது டக் டக் என்று தட்டும், அடியில் வெளிச்சம் தெரிந்து மறையும். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். இரண்டு வி-பிளாக்கில் பைப்பைக் கிடத்தி, நடுவில் டயல் கேஜ் முள்ளை வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார்கள். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் உண்மையான வளைவு. முள் 0.4 மில்லிமீட்டர் ஆடினால் வளைவு 0.2. பல ஜப்பானியக் கையேடுகள் தரும் கடைசி எல்லையும் இந்த 0.2 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் மாற்றச் சொல்கின்றன. நிமிர்த்தக் கூடாது என்றும் எச்சரிக்கின்றன.

இங்கேதான் பட்டறைக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். "எத்தனை வண்டி நிமிர்த்தியிருக்கேன் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பைப் சீராக, லேசாக வளைந்திருந்தால் அது ஓடலாம். மடிப்பு விழுந்திருந்தால், அதாவது விரலை ஓட்டும்போது வளைவின் உள்பக்கம் சுருக்கம் தட்டினால், அந்த எஃகு ஒருமுறை களைத்துவிட்டது. நிமிர்த்திய இடத்தில் குரோமும் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம். வளைந்த பைப்பைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றே: மாற்றுங்கள்.

மூன்றாவது, ஆட்டம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான பாட்டம் கேஸை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டொக் என்று அடித்தால் ஹேண்டில் திரும்பும் கோன் செட் தேய்ந்திருக்கலாம், ஃபோர்க்கே தேய்ந்திருக்கலாம். பைப்பும் பாட்டம் கேஸும் சேரும் இடத்தில் விரல் வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொன்னால் எது என்று தெரியும். சிறிய வண்டிகள் பலவற்றில் தனி புஷ் கிடையாது. எஃகுப் பைப் நேராக அலுமினியக் கேஸுக்குள்ளேயே ஓடும். கேஸ் தேய்ந்துவிட்டால் புது பைப், புது சீல் எல்லாம் போட்டும் எண்ணெய் வடியும். அப்போது பாட்டம் கேஸையும் சேர்த்துத் தேட வேண்டும்.

நேராக இருக்கிறது, ஆனால் துரு: ஹார்ட் குரோம்

வளையாத, ஆனால் துரு குத்திய ஒரிஜினல் பைப் கையில் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கம்பெனி போட்ட எஃகு, கம்பெனி போட்ட மரை, கம்பெனி துளைத்த எண்ணெய்த் துளைகள் அப்படியே இருக்கும். மேல்தோல் மட்டும் புதிது.

ஆனால் குரோம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பம்பருக்கும் சைலன்சருக்கும் போடும் குரோம், நிக்கலுக்கு மேல் பளபளப்புக்காகப் பூசுவது. ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதை ஃபோர்க் பைப்பில் போட்டால் சீல் உரசி உரசி உரிந்துவிடும். பைப்புக்கு வேண்டியது ஹார்ட் குரோம். பல பத்து மைக்ரான் கனத்துக்கு நேரடியாக எஃகின் மேலேயே ஏற்றி, பிறகு கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஹைட்ராலிக் சிலிண்டர் ராடுகளுக்குச் செய்வதும் இதேதான். ஆகவே வண்டிக்குப் பாலிஷ் போடும் கடையில் கேட்காதீர்கள், ஜே.சி.பி. ராடு எங்கே குரோம் ஏற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள். அம்பத்தூர், கிண்டி, கோவை போன்ற தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

அங்கே பேசும்போது சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹார்ட் குரோம் குழியை நிரப்பாது. குழியின் மேல் ஏற்றினால் குழி குழியாகவே மேலே வரும், விளிம்பு இன்னும் தடிக்கும். ஆகவே பழைய குரோமை எடுத்துவிட்டு, குழி மறையும் வரை தேய்த்து, இழந்த அளவைக் குரோமால் திரும்ப ஏற்ற வேண்டும். துரு எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேலை, அவ்வளவு செலவு. ஆழம் மிகுந்துவிட்டால் அவர்களே வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொல்பவரை நம்பலாம்.

கடைசி அளவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டி-க்குள் ஒளிந்திருந்த, தேயாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் எழுதிக் கொடுங்கள். குறைந்தால் வடியும், கூடினால் டி-க்குள் நுழையாது, கேஸுக்குள் இறுகும். வலுவான எஃகில் குரோம் ஏற்றும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும் என்பதால், ஏற்றி முடித்த கையோடு அடுப்பில் வைத்துச் சூடேற்றுவது வழக்கம். அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேள்வி புரிந்து பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

இந்த வழியின் குறை நேரமும் விலையும். ஜோடிக்கு ஆகும் செலவு, சந்தையில் கிடைக்கும் சாதாரண புது பைப்பைவிட அதிகமாக வருவது இயல்பு. வீட்டிலேயே பக்கெட்டில் குரோம் ஏற்றுகிறேன் என்று கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கரைசலில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவால் ராணிப்பேட்டையில் நிலத்தடி நீர் மஞ்சளாக மாறிய கதை உலகத்துக்கே தெரியும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொழிற்கூடம் தவிர வேறெங்கும் இந்த வேலை நடக்கக் கூடாது.

புது பைப்பும் புதுப்பேட்டைப் பைப்பும்

பைப் வளைந்திருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். சென்னையில் புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை. மற்ற ஊர்களிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். புது பைப் விலை குறைவு, உடனே கிடைக்கும். ஆர்.எக்ஸ். 100, ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ். 135 மூன்றுக்கும் ஒன்றுதான் என்று சொல்லி ஒரே பைப்பைக் கொடுப்பார்கள். இருக்கலாம், ஆனால் பழைய பைப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம், மேல் மரை, எண்ணெய்த் துளைகள் இருக்கும் உயரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வெர்னியரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் வையுங்கள். அளவு இடத்துக்கு இடம் மாறினால் கீழே வைத்துவிடலாம்.

இன்னொரு சோதனைக்கு மளிகைக் கடைத் தராசு போதும். பழைய பைப்பையும் புதியதையும் எடை போடுங்கள். ஒரே அளவுள்ள பைப் கண்கூடாக எடை குறைந்தால் சுவர் கனத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குரோமின் தரம் மட்டும் கடையில் தெரியாது, ஒரு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். ஆகவே தினமும் ஓட்டும் வண்டிக்கு இது சரி. பொத்திப் பொத்திப் புதுப்பிக்கும் வண்டிக்கு எனக்கு மனம் வராது.

பழைய ஒரிஜினல் வாங்குவது கண்ணும் பொறுமையும் உள்ளவர்களுக்கு. துரு பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது; மீதிப் பாதி, நிமிர்த்தப்பட்ட பைப்பைக் கண்டுபிடிப்பது. கீழ் டி பிடித்த தழும்புக்கு அடியில் உள்ள அரை அடியைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குரோமில் தெரியும் பிம்பம் அந்த இடத்தில் நெளிந்தால் அது பிரஸ்ஸைப் பார்த்த பைப். கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் வேண்டாம். இடது ஒரு வண்டி, வலது ஒரு வண்டி என்று ஜோடி சேர்த்து விற்பதும் உண்டு. இரண்டையும் அளக்காமல் வாங்கக் கூடாது. கிடைத்தால் பாட்டம் கேஸோடு சேர்த்து வாங்குவது நல்லது, ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை அவை. லேசாகத் துரு குத்திய, நேரான ஒரிஜினலை மலிவாக வாங்கி ஹார்ட் குரோமுக்கு அனுப்புவது, வளைந்த பைப் வைத்திருக்கும் ஆர்.எக்ஸ். காரருக்கு என் கணக்கில் ஆகச் சிறந்த வழி.

புல்லட்காரர்களுக்கு இந்தத் தவிப்பு குறைவு. திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிதாக உருமாறாமல் வந்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் மேல் பிடியே ஹெட்லைட் கூட்டோடு சேர்ந்த ஒற்றை வார்ப்பு. இடித்த வண்டி என்றால் பைப்பைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்தக் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதற்குப் பழைய ஸ்டாக் தேடுவதே தனிப் பொழுதுபோக்கு.

வேறு வண்டி ஃபோர்க்

பல்சர் அல்லது அப்பாச்சி ஃபோர்க்கை டிஸ்க் பிரேக்கோடு ஆர்.எக்ஸில் மாட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்க்கின் நீளம் மாறினால் ஸ்டீயரிங் சாய்வும் டிரெயிலும் மாறும். வண்டி வளைவில் விழும் விதமே வேறாகிவிடும். கோன் செட், சக்கரம், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று செலவு சங்கிலிபோல நீளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, எஃப்.சி.க்குப் போகும்போது கேள்வி வரலாம். ஒரிஜினல் ஆர்.எக்ஸுக்கு இன்று இருக்கும் விலையும் அன்றோடு போய்விடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சீலுக்குத் திரும்பினால்

எந்தப் பைப்பானாலும் சீல் புதிதாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வண்டிப் பிரியர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கம்பெனிக் கவர் பிரிக்காத பாகம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பைப்புக்கு அது பொக்கிஷம். சீலுக்கு அது குப்பை. ரப்பருக்கு அலமாரியில் இருந்தாலும் வயதாகும், உதடு இறுகியிருக்கும். நேற்று தயாரான சீல்தான் வேண்டும். கம்பெனி சீல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெயருள்ள சீல் தயாரிப்பாளரின் சாதாரண நைட்ரைல் சீல் போதும். வைட்டான் என்று கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். அது சூட்டைத் தாங்குவதற்கானது. முன் ஃபோர்க்கில் அத்தனை சூடு எங்கே வருகிறது? பெட்டியில்லாமல் உதிரியாகக் கிடக்கும் சீலைத் தொடாதீர்கள். உள் விட்டம், வெளி விட்டம், கனம் என்று மூன்று எண் சீலிலேயே அச்சாகியிருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கனம் கூடினால் சீலுக்கு மேல் உள்ள லாக் அதன் காடியில் உட்காராது.

மாட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே, எண்ணெயைப் பார்த்து. எழுத்துள்ள பக்கம் மேலே. பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் அலுமினியத்தைக் கீறினால் எண்ணெய் சீலுக்கு வெளிப்புறமாக வடியும்; விளிம்பில் மரத்துண்டு வைத்து நெம்புங்கள். புதியதை அடித்து இறக்கச் சரியான அளவு பி.வி.சி. குழாய் போதும். பைப்பின் முனையில் செல்லோ டேப் சுற்றி எண்ணெய் தடவிய பிறகே சீலுக்குள் விடுங்கள். கூரான விளிம்பு பட்டு முதல் நிமிடத்திலேயே உதடு கிழிந்த சீல்கள் ஏராளம். அடி ஆலன் போல்ட்டின் செம்பு வாஷரையும் மாற்றுங்கள். அங்கே கசிவதைச் சீல் கசிவு என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றுபவர்கள் உண்டு.

எண்ணெய் விஷயத்தில் கையேடு சொல்லும் அளவை அளவுக் குவளையில் ஊற்றுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. கனமான எண்ணெய் ஊற்றினால் ஃபோர்க் இறுகும். அளவு கூடினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிப் புது சீலையே தள்ளிவிடும். 10, 15 என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றாக இருப்பதில்லை. ஒரே கம்பெனி எண்ணெயையே தொடர்ந்து வாங்குவது நல்லது.

எல்லாம் மாட்டியதும் கிளாம்ப் போல்ட்டுகளை உடனே இறுக்கிவிடாதீர்கள். ஆக்ஸிலை இறுக்கி, பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை நாலைந்து தரம் அழுத்தி எழுப்பிய பிறகு, பைப்கள் தாமாக நேராகி நின்றதும் இறுக்குங்கள்.

கழற்றிய பைப் நேராக இருந்தால், துரு எவ்வளவு இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதைத் தேடி ஒருவர் புதுப்பேட்டையில் வெர்னியரோடு அலைந்துகொண்டிருப்பார். கேட்கும் விலை கொடுப்பார்.